வாங்கிய வீட்டைக் காலி செய்தது

ரிஜிஸ்டர் ஆபீஸ் புங்கமரத்தடியில் அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள்.

வீட்டை விற்கிறவர். வயது அறுபதுக்கு மேல். கணியம்பாடிப் பக்கம் நிலம் வாங்கியிருந்தார். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்திரம் எழுதுகிறவர். சாய்வு மேசை, மைக்கூடு. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது.

எங்கள் தோல் ஷாப்பு கணக்குப்பிள்ளை. குடியாத்தத்துக்காரர். துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதில் பணம்.

மேஸ்திரி. சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர்.

என் மனைவி. கைக்குழந்தை இடுப்பில். பெரியவளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தோம்.

பிறகு நான்.

பத்திரம் இரண்டு. முதல் பத்திரத்தில் வீடு என் பேருக்கு வந்தது. இரண்டாம் பத்திரத்தில் அதே வீட்டைக் கணக்குப்பிள்ளைக்குப் போக்கியம் எழுதிக் கொடுத்தேன். போக்கியம் என்றால் அவர் எனக்கு ஒரு தொகை கொடுப்பார், வீட்டில் வாடகை இல்லாமல் இருப்பார். வட்டி கிடையாது. தொகையை நான் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு வீட்டை விடுவார். அதுவரை நாங்கள் அங்கே இருக்க முடியாது. அந்த வீட்டில்தான் ஆறு வருஷமாக வாடகைக்கு இருந்தோம். வாங்கிய அன்றே காலி செய்தோம்.

அப்படி ஆனதற்குக் காரணம் நான் கடனை அடைத்ததுதான்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற அந்த ஷாப்பில் எனக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. தோலைக் குழியில் இறக்குவது, கொக்கியால் இழுத்துப் புரட்டுவது, எடுத்துப் போடுவது. மனைவி அதே ஷாப்பில் ஆட்டுத்தோலில் மயிர் பிடுங்குவாள். அவளுக்கு எடைக்குக் கூலி. வியாழக்கிழமை சம்பளம், வெள்ளிக்கிழமை லீவு. வீடு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம். ஓட்டு வீடு, ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் நாலடி இடம். மாதம் நாலு ரூபாய் வாடகை.

ஒரு தை மாதம் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சித்திரைக்கு நான் ஊரோட போறேன். இத வித்துட்டுத்தான் போவேன். அறுநூறு ரூபா. பங்குனி வரைக்கும் உனக்காக நிப்பேன்."

"அப்புறம்?"

"உப்புத்தோல் வியாபாரி ஒருத்தர் கேட்டுட்டு இருக்காரு. கிடங்கு போட."

அவர் போனதும் மனைவி அரிசி புடைக்கிறதை விட்டுவிட்டு வந்தாள்.

"கிடங்கு போட்டா நம்மள எங்க போடுவாராம்?" என்றாள்.

எங்களிடம் தபால் ஆபீசில் இருநூற்று முப்பது ரூபாய் இருந்தது. கடன் நூற்று ஐம்பது. கல்யாணத்துக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம்.

முன்பணம் எங்கள் ஊர் ஷாப்புகளில் எல்லோருக்கும் உண்டு. வேலைக்குச் சேரும்போது கொடுப்பார்கள். நல்லது கெட்டதுக்கு மேலும் கொடுப்பார்கள். முதலாளி வட்டி வாங்க மாட்டார். அவர்கள் மார்க்கத்தில் அது ஆகாது. கூலியில் பிடிக்கவும் மாட்டார். வேலையை விட்டுப் போகிறவன் போகிற அன்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவான்.

வீடு வாங்க அடமானத்தின் பேரில் கடன் கொடுக்கிற சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. செக்ரட்டரி பேண்ட் போட்டவர். என்னை நிற்க வைத்துத்தான் பேசினார், ஆனால் மரியாதையாகப் பேசினார்.

"வெலயில மூணுல ஒரு பங்கு உன் கையில இருக்கணும். மிச்சம் ரெண்டு பங்கு சங்கம் குடுக்கும். வீடு அடமானம். மாசா மாசம் கட்டணும். வேற கடன் இருக்கா?"

"ஷாப்புல நூத்தம்பது சார். முன்பணம்."

"அத மொதல்ல அடச்சிட்டு வா. ஏற்கெனவே கடன்ல இருக்கறவனுக்கு சங்கம் குடுக்காது."

"அதுக்கு வட்டி இல்ல சார்."

"வட்டி இல்லன்னா கடன் இல்லன்னு ஆயிடுமா?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு இருநூறு. கடன் நூற்று ஐம்பது. ஆக முந்நூற்று ஐம்பது வேண்டும். இருப்பது இருநூற்று முப்பது.

"கம்மல் இருக்குது. ஆடு ரெண்டு இருக்குது," என்றாள்.

இரண்டையும் விற்றதில் நூற்று இருபது வந்தது. காதில் துடைப்பக் குச்சி செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு முதலாளியின் அறை வாசலில் நின்றேன். நூற்று ஐம்பது ரூபாயை மேசைமேல் வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"முன்பணம் மொதலாளி. கணக்கு தீர்த்துக்கோங்க."

முதலாளி பணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி," என்றார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு வரவு வைக்கச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்பக்கத்துச் சுவரைப் பூசினேன். நம் வீடு ஆகப்போகிறது என்று.

சனிக்கிழமை காலை ஷாப்புக்குப் போனேன். என் குழியில் வேறு ஆள் நின்றான். என் கொக்கி அவன் கையில்.

"இன்னாடா, இங்க நிக்கற?" என்றார் மேஸ்திரி.

"வேலைக்கு வந்தேன்."

"கணக்கு தீர்த்துட்டு வேலைக்கு வர்றானாம்!" மேஸ்திரி குழிப்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"எந்த ஷாப்புடா? பேரணாம்பட்டா, வாணியம்பாடியா?" என்றான் ஒருவன்.

"எவ்ளோ குடுக்கறான்? எங்களுக்கும் சொல்லுடா," என்றான் இன்னொருவன்.

"எங்கயும் போகல. கடனத்தான் அடச்சேன்," என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானடா. முன்பணத்த வெச்சவன் போறவன். நேத்தே ஆள் பாத்தாச்சு. நீ கெளம்பு."

போகிறவன் முன்பணத்தைத் திருப்புவான் என்று எனக்குத் தெரியும். திருப்பினவன் போகிறவன் என்று ஆகும் என்பது தோன்றவில்லை. வேலையில் இருந்துகொண்டே யாரும் அதைத் திருப்பி நான் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று யோசித்திருக்கவேண்டும்.

மயிர் பிடுங்குகிற கொட்டகை வாசலில் மனைவி நின்றிருந்தாள். சிரிப்புச் சத்தம் அவள் காதிலும் விழுந்திருக்கும். உள்ளே போய் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கூலியாவது நிற்காமல் இருக்கட்டும் என்று.

நான் சங்கத்துக்குப் போனேன்.

"கடன அடச்சிட்டேன் சார்."

"நல்லது. வேலை செய்யற எடத்துலேர்ந்து ஒரு கடுதாசி வாங்கிட்டு வா. மாசம் இவ்ளோ சம்பளம்னு."

"வேலை போய்டுச்சு சார்."

செக்ரட்டரி பேனாவை மூடினார். "அப்ப எதுலேர்ந்து கட்டுவ?"

வெளியே வந்தேன்.

வேறு ஷாப்புகளில் கேட்டேன். பாலாற்றுப் பக்கத்து ஷாப்பு ஒன்றில் குழிக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே இருந்த மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு தின்ற கை.

"வேலை தெரிஞ்ச ஆளுதான். எவ்ளோ முன்பணம் வேணும்?"

"வேணாங்க."

"வேணாமா?"

"கூலி மட்டும் போதும்."

"நாளைக்கே வேற எங்கனா ஓடறதுக்கா? முன்பணம் வாங்காதவன நம்பி நான் தோல குழியில எறக்க முடியாது. போப்பா."

முன்பணம் வாங்கினால் சங்கத்தில் கடன் கிடைக்காது. வாங்காவிட்டால் வேலை கிடைக்காது. வேலை இல்லாவிட்டாலும் சங்கத்தில் கிடைக்காது. இதை எப்படித் திருப்பினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

பங்குனி பிறந்துவிட்டது. வீட்டுக்காரர் ஒரு நாள் உப்புத்தோல் வியாபாரியை அழைத்து வந்தார். வியாபாரி உள்ளே வந்து சுவரைத் தட்டினார். தரையை மிதித்துப் பார்த்தார். நாங்கள் பானை சட்டியை ஓரமாக நகர்த்தி வழி விட்டோம்.

"அடுப்ப இடிச்சிட்டா ஜாஸ்தி எடம் கெடைக்கும்," என்றார் அவர்.

மனைவி அந்த அடுப்பில் அப்போது கஞ்சி வைத்திருந்தாள். அவர்கள் போகும்வரை அதைக் கிண்டிக்கொண்டிருந்தாள். போன பிறகு சொன்னாள்.

"நீ மொதலாளிகிட்டயே போ."

"இன்னான்னு கேக்கறது?"

"போகறதுக்கு தீர்க்கலன்னு சொல்லு. அத இன்னும் அவருகிட்ட நீ சொல்லவே இல்லயே."

உண்மைதான். மேஸ்திரியிடம் சொன்னேன், குழியில் இருந்தவர்களிடம் சொன்னேன், முதலாளியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் தொழுகை முடிந்து முதலாளி வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துப் போனேன். கணக்குப்பிள்ளை பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, புது எடம் புடிக்கலயா?" என்றார் முதலாளி.

"புது எடம் எதுவும் இல்ல மொதலாளி. நான் போறதுக்கு தீர்க்கல. வீடு வாங்கறதுக்கு தீர்த்தேன்."

"வீடு வாங்கறதுக்கும் என் காசுக்கும் இன்னா?"

சங்கத்தில் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் சிரித்துவிட்டார். கணக்குப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? என்மேல கோவம், மூஞ்சில அடிச்ச மாதிரி வெச்சிட்டு போறான்னு. மூணு நாளு எனக்கு பேஜாரு."

"கோவமெல்லாம் இல்ல மொதலாளி."

"ஒரு வார்த்த வாயத் தெறந்து சொன்னா இன்னாப்பா? சரி. வேலைக்கு வா. ஆனா முன்பணம் எடுத்துக்கணும். ஒண்ணுமே இல்லாம உன்ன வெச்சா நாளைக்கு அத்தன பேரும் அடச்சிட்டு நிப்பான். அப்புறம் யாரு எப்ப போவான்னு எனக்கு எப்படி தெரியும்?"

"எடுத்தா சங்கத்துல குடுக்கமாட்டாங்க."

"சங்கத்துக்கு கடுதாசியும் நான் குடுக்கறதா இல்ல. வட்டிக் கடனுக்கு என் கையெழுத்து வேணாம்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போது கணக்குப்பிள்ளை பேனாவைக் காதில் செருகினார்.

"மொதலாளி, நான் குடியாத்தத்துலேர்ந்து தெனம் ரயில்ல வர்றேன்," என்றார்.

"அதுக்கு?"

"தறிக் கொட்டகையில என் பங்க அண்ணனுக்கே விட்டுட்டேன். நானூறு குடுத்தாரு. சும்மாதான் கெடக்குது. கேட்டாண்ட வீடுன்னா ஷாப்புக்கு நடந்தே வந்துடலாம். போக்கியம்னா நான் எடுத்துக்கறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "அவரு நானூறு, நீ இருநூறு. வீடு உன்னுது. இருக்கறது அவரு. மூணு வருஷம் போட்டுக்கோங்க. வட்டி இல்ல, வாடக இல்ல. சரிதான?"

"நாங்க எங்க இருக்கறது மொதலாளி?"

"பட்டைக் கொட்டகையோட ஒரு ரூம்பு இருக்குதில்ல. அங்க இரு. வாடக வேணாம். ராத்திரில பட்டைய பாத்துக்கோ."

வாடகை இல்லாமல் எனக்கு ஓர் அறை, சம்பளம் இல்லாமல் அவருக்கு ஒரு காவல். யாருக்கும் நஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"காசு குடுத்து வாங்கனவங்க கொட்டகையில. வாங்காதவரு உள்ள."

"ஆமா."

"எத்தன வருஷம்?"

"மூணு. நானூறு சேக்கற வரைக்கும்."

அவள் துவட்டி முடித்தாள். குழந்தையை இறக்கிவிட்டாள்.

"பேரு நம்ம பேருதான?"

"நம்ம பேருதான்."

"போய் எழுது," என்றாள்.

ஐம்பது ரூபாய் முன்பணம் எடுத்தேன். முத்திரைத்தாளுக்கும் எழுத்துக்கூலிக்கும் போக மிச்சம் மளிகைக் கடைப் பாக்கிக்குப் போயிற்று. என் குழியில் நின்ற ஆளைப் பட்டைத்தொட்டிக்கு மாற்றினார்கள். கொக்கி திரும்ப வந்தது. மேஸ்திரி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீடு வாங்கறதுக்கு இப்டி ஒரு வழி இருக்குதுன்னு எனக்கு இந்த வயசுல தெரியுது," என்றார். டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அன்று சாயந்திரம் பண்டம் பாத்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். கணக்குப்பிள்ளையின் சாமான் வந்த வண்டி எதிரே வந்தது. சந்து குறுகல். நாங்கள் பின்னால் தள்ளி அவர்களுக்கு வழி விட்டோம்.

பட்டைக் கொட்டகை அறை மோசம் என்று சொல்ல முடியாது. தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டை வாசனை துணியிலும் சோற்றிலும் இருந்தது. பட்டை இடிக்கிற தூசிக்குப் பெரியவளுக்கு முதல் வருஷம் இருமல் இருந்தது. பிறகு நின்றுவிட்டது. மனைவி ஒவ்வொரு வியாழனும் ஒரு ரூபாய் தனியாக எடுத்தாள். கொடுக்காத வாடகை என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். அதை எந்தச் செலவுக்கும் தொட விடமாட்டாள். ஆட்டுக்குட்டி ஒன்று வாங்கிக் கட்டினாள்.

ஐப்பசி மழையில் கணக்குப்பிள்ளை சொல்லி அனுப்பினார், ஓடு ஒழுகுகிறது என்று. போக்கியத்தில் பழுது பார்ப்பது வீட்டுக்காரன் பொறுப்பு. பத்திரத்திலும் அப்படித்தான் இருந்தது. எங்கள் அறையும்தான் ஒழுகிற்று. நான் என் வீட்டுக் கூரைமேல் ஏறி அவர்கள் தலைக்குமேல் ஓடு மாற்றினேன். கீழே இருந்து அவர் மனைவி இடம் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் அந்தண்ட. சாமி படத்துமேல சொட்டுது."

இறங்கியதும் காபி கொடுத்தார்கள். வாசலில்தான் கொடுத்தார்கள். நானும் உள்ளே போகவில்லை. காலில் சுண்ணாம்பும் சேறும். நின்றபடியே உள்ளே பார்த்தேன். சுவருக்கு நீலம் கலந்து வெள்ளை அடித்திருந்தார்கள். அடுப்பு எதிர் மூலைக்கு மாறியிருந்தது.

மூன்று வருஷம் முடிந்தபோது எங்களிடம் பாதிகூட இல்லை. பணம் கொடுக்கும்வரை போக்கியம் தொடரும் என்பது பேச்சு. கணக்குப்பிள்ளை ஒரு நாள் என்னைக் குழியடிக்குத் தேடி வந்தார். அவர் அங்கெல்லாம் வருகிறவர் அல்ல. மூக்கைத் துண்டால் மூடியிருந்தார்.

"பொண்ணுக்கு வரன் பாக்கறேன். எனக்கும் ஒரு நெலையான எடம் வேணும். வீட்ட எனக்கே கிரயம் பண்ணிடு. நானூறு போக மேல முந்நூறு தர்றேன்."

"முந்நூறா?"

"ரொக்கமா. யோசிச்சு சொல்லு. நீயும் எவ்ளோ நாளு அந்தத் தூசில இருப்ப?"

தவறான விலை இல்லை. நாங்கள் போட்டது இருநூறு. முந்நூறு ரூபாயை மொத்தமாக நாங்கள் கையில் வைத்துப் பார்த்து நாளாயிற்று. எனக்கு ஆசை இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் ஆட்டுமயிர் ஒட்டியிருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"முந்நூற எங்க வெச்சு பூட்டுவ?"

"பொட்டியில."

"பொட்டிய எங்க வெப்ப?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"கதவு நம்மளுதா இருக்கணும்யா. இன்னும் ரெண்டு வருஷம் கேளு."

கேட்டேன். கணக்குப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொன்னார், அதற்குமேல் ஒரு நாள்கூட முடியாது, அப்போதும் பணம் வராவிட்டால் அவர் சொன்ன விலைக்கு எழுதித் தரவேண்டும் என்று. சரி என்றேன்.

அந்த இரண்டு வருஷம் நாங்கள் புதுத்துணி எடுக்கவில்லை. அவள் தம்பி கல்யாணத்துக்கு மாதனூருக்குப் பழைய புடவையில் போய் வந்தாள். அங்கே அவள் காதைப் பார்த்து யாரோ கேட்டிருக்கிறார்கள். "கம்மல் வீட்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தாள். வியாழக்கிழமை ரூபாய் ஐந்து வருஷத்தில் இருநூற்று அறுபது ஆயிற்று. ஆடுகள் எழுபத்தைந்து. நோன்புப் பெருநாளுக்கு முதலாளி கொடுத்தது வருஷம் பத்தாக ஐம்பது. பதினைந்து ரூபாய் குறைந்தது. கடைசி மூன்று வாரம் ஷாப்பில் தோல் வரத்து அதிகம். அவள் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்து மயிர் பிடுங்கினாள். விரல் நுனி வெந்துபோயிருந்தது. பதினைந்தும் வந்தது.

என் ஐம்பது ரூபாய் முன்பணத்தை நான் தொடவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது பணத்தைக் கொண்டுபோனோம். அப்போது அணா போய் நயா பைசா வந்து இரண்டு வருஷம். கணக்குப்பிள்ளை எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பத்திரத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கட்ட மாட்டன்னு நெனச்சேன்," என்றார்.

"நானும்தான்."

"நல்ல காத்தோட்டமான வீடு. பொண்ணு இங்கதான் பெரியவளானா." பத்திரத்தை நீட்டினார். உடனே விடவில்லை. பிறகு விட்டார்.

அவர்கள் அடுத்த தெருவில் வாடகைக்குப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை போனார்கள். அன்றைக்கே நாங்கள் வந்தோம். மனைவி உள்ளே போய் முதலில் அடுப்பு மூலையில் நின்றாள். பழைய இடத்துக்கு மாற்றுவாள் என்று நினைத்தேன்.

"இதுதான் நல்லாருக்குது. பொக வெளிய போகுது," என்றாள். அப்படியே விட்டுவிட்டாள்.

பெரியவளுக்கு அந்த வீடு ஞாபகமே இல்லை. யார் வீடு என்று கேட்டாள். கைக்குழந்தையாகப் போனவன் வாசற்படியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து முனிசிபாலிட்டி ஆள் வரி கேட்டு வந்தார். இத்தனை வருஷமும் கணக்குப்பிள்ளை கட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் யாரு?"

மனைவி வாசலுக்கு வந்தாள். "நாங்கதான்," என்றாள்.

"எவ்ளோங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் ரசீதுப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்து, என் பேரை எழுதி, அரை வருஷத்துக்குத் தொகை போட்டார்.

மூன்று ரூபாய் பன்னிரண்டு நயா பைசா.